ஏழாம் வீட்டு மெழுகு

எழுதப் புகும் கைக்கு முன்னே வழி திறந்து நிற்கும் யானைமுகத்து ஐயன் திருவடி சரணம். நீரும் நெருப்பும் மண்ணும் மரமுமாய் விரிந்து நின்று, எந்த மொழியில் எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும் அம்மையப்பன் திருவடி சரணம். அறியாப் பருவத்துப் பிழையொன்றை அறிந்த பருவத்தில் சொல்ல எடுத்துக்கொண்டேன். கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல அவன் அருள் துணை நிற்க வேண்டும்.

இன்று ஆனி உத்தரம். ஆடவல்லானின் திருமஞ்சனம் கண்டு, பதிகம் பாடி, வீடு வந்த கையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அபிஷேகத்துக்குக் காத்திருந்த வேளையில், பெரிய விளக்கில் எல்லாரும் எண்ணெய் வார்த்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி என் சேலையைப் பிடித்திழுத்து, "அன்ரி, இதில எங்கட வீட்டு எண்ணெய் எது?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு வந்தேன். வழி முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகள். கொலோன் நகரில், ரைன் ஆற்றின் வலக்கரையில், நான்கு மாடிகள் கொண்ட பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு உணவகமொன்றின் சமையலறையில் வேலை. நாங்கள் விழித்திருக்கும்போது அவர் உறங்குவார், நாங்கள் உறங்கும்போது பாத்திரம் கழுவுவார். ஆகவே இந்தக் கதையில் அவரைக் காண முடியாது. அம்மாவும், அம்மாவின் தம்பியாகிய மாமாவும், நானுமே வீட்டில் நடமாடியவர்கள். மாமாவின் புகலிட விண்ணப்பம் ஆறாண்டு காலம் ஏதோவொரு மேசையில் கிடந்தது. 'அன்ட்ராக்' என்ற அந்த ஜேர்மன் சொல்லை நான் நெடுநாள் தமிழ்ச் சொல் என்றே எண்ணியிருந்தேன். அது கிடந்த காலத்தையெல்லாம் மாமா பகிடி விட்டே கடத்தினார்.

எங்களுக்கு மேலே, மூன்றாம் மாடியில், ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. கணவர் ஜேர்மன் வம்சத்தவர். அவருடைய முன்னோர் என்றோ வோல்கா ஆற்றங்கரைக்குக் குடிபெயர்ந்தவர்கள். அவருடைய தாயார் உடன் இருந்தார். சபைப் பாட்டுப் புத்தகம் கைப்பையில் இல்லாமல் ஒருபோதும் வெளியே இறங்காத, முழங்கால் வலியையும் வேத வசனத்தையும் ஒரே மூச்சில் சொல்லுகிற மனுஷி. மருமகளின் பெயர் ரைசா. அப்படித்தான் வாசல் மணிப் பலகையில் இருந்தது. ஒரு காலை அந்தப் பெயரின்மேல் ஒரு காகிதத் துண்டு ஒட்டப்பட்டு, அதில் 'மஸாவா' என்று எழுதியிருந்தது.

"வேற ஆள் வந்திட்டாவோ?" என்றார் அம்மா.

"இல்லையக்கா, அதே ஆள்தான். எல்லாரும் புருசனை மாத்தினாப் பிறகு பேரை மாத்துவினம். இவ பேரை மட்டும் மாத்திப்போட்டா," என்றார் மாமா.

படிக்கட்டில் ஒரு நாள் அவருடைய பையைத் தூக்க உதவியபோது, நான் ஏதோ சொல்லவந்து அவரை ரஷ்யாக்காரி என்றேன். அவர் நின்றார். பையைக் கீழே வைத்தார்.

"நான் ரஷ்யாக்காரி இல்லை. எர்சியா. அது வேறு ஜனம், வேறு மொழி. மஸாவா என்பது என் பாட்டனின் தாயாருடைய பெயர். ரைசா என்பது அலுவலகத்தில் எழுதிக்கொண்ட பெயர்."

வீட்டில் வந்து சொன்னேன். அம்மாவுக்கு உடனே விளங்கியது. "எங்களைக் காணுற இடமெல்லாம் இந்தியரோ எண்டு கேக்கிறாங்களே, அது மாதிரித்தான். இனி உவவை ரஷ்யாக்காரி எண்டு சொல்லாதை, பிள்ளை." அன்று முதல் எங்கள் வீட்டில் அவர் எர்சியாக்கா ஆனார்.

கட்டடத்தின் பின்முற்றத்தில் ஒரு மரம் நின்றது. காகிதம் போல் வெள்ளைப் பட்டை உரியும் மரம்; ஜேர்மனியர் பிர்க்கெ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எர்சியாக்கா அதன் அடியில் சிவப்பு நூலால் பூவேலை செய்த துணி விரித்து, ரொட்டியும் உப்பும் வைத்து, கிழக்கு நோக்கி இடுப்பு வரை குனிந்து வணங்கத் தொடங்கினார். கட்டடம் முழுவதும் யன்னல் திரைகள் அசைந்தன. முதலாம் மாடியில் சிரித்தார்கள். ஹவுஸ்மைஸ்டர் எனப்படும் கட்டடக் காவலர் வந்து, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். அம்மாவோ சமையலறை யன்னலில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு குறைதான் சொன்னார்:

"சப்பாத்தோட நிண்டெல்லோ கும்பிடுறா. அதைச் சொல்லிக் குடுக்க ஒருத்தரும் இல்லையோ?"

மற்றபடி மரத்தை ஒருவர் வணங்குவதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குப் புரியவேயில்லை. ஒரு ஞாயிறு, நிலவறையில் துணி துவைத்துக்கொண்டு கூடையோடு முற்றம் வழியாக வந்தவர், எர்சியாக்கா வணங்கி நிற்பதைக் கண்டு, கூடையை இறக்கினார்; செருப்பைக் கழற்றினார்; அவர் முடிக்கும்வரை கைகூப்பி ஒதுங்கி நின்றார். அது மரத்தின்மேல் வந்த பக்தியென்று சொல்ல முடியாது. கும்பிடுகிறவருக்குக் குறுக்கே போகக்கூடாது, அவ்வளவே. ஆனால் எர்சியாக்கா திரும்பியபோது கண்டது, குளிர்ந்த சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒரு பெண்ணை.

அடுத்த கிழமையே அவர் எங்கள் வீட்டு மேசையில் இருந்தார். அம்மா தேத்தண்ணீர் வைத்தார். அம்மாவுக்கு நாற்பது ஜேர்மன் சொற்கள் தெரியும். எர்சியாக்காவுக்கு நானூறு இருக்கும், எல்லாம் இடம் மாறி விழும். நடுவில் பள்ளிக்கூட ஜேர்மனோடு நான் இருந்தேன். அவர் சொன்னதைக் கோர்த்து, திருத்தித் தருகிறேன்.

ஊரில் அவருடைய அண்ணனும் இன்னும் சிலரும் சேர்ந்து, நெடுங்காலம் நின்றுபோயிருந்த பழைய வழிபாட்டை மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். ஓஸ்க்ஸ் என்று அதற்குப் பெயர். வானத்துப் பெருங்கடவுளையும், மண்ணின் தாய், நீரின் தாய், காற்றின் தாய், வயலின் தாய் என்று வரிசையாய் வரும் அன்னையரையும் ஊர் கூடி அழைப்பது. ஆனால் முழு வழிபாட்டையும் அறிந்தவர் எவரும் உயிரோடில்லை.

"ஒரு கிழவிக்கு நாலு வரி தெரியும். அடுத்த ஊர்க் கிழவிக்கு இரண்டு வரி. எப்போதோ யாரோ கேட்டு எழுதி வைத்த குறிப்பு நூலகத்தில் இருக்கிறது. இடையில் உள்ளதை அண்ணன் ஊகிக்கிறான்," என்றார்.

அம்மாவின் முகம் மாறியது. பதிகத்தில் ஒரு சீர் பிசகினால் மீண்டும் முதலிலிருந்து பாட வைக்கிறவர் அவர். "ஊகிச்சுப் பிழைச்சால் என்ன செய்யிறதாம், கேள்," என்றார்.

கேட்டேன். எர்சியாக்கா சிரித்தார். "அடுத்த வருஷம் திருத்துவோம் என்கிறான்."

எங்கள் பதிகங்களும் ஒரு காலத்தில் செல்லரித்த ஏட்டுக்கட்டிலிருந்து மீண்டவைதாம். அரித்தது போக எஞ்சியதைத்தான் பாடுகிறோம். அந்த நினைவுதானோ என்னவோ அம்மாவுக்கு, "அதுவும் சரிதான். துவங்கினாத்தானே திருத்தலாம்," என்றார்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார் எர்சியாக்கா. ஓகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறன்று ஊரில் வழிபாடு. அதே நாளில், அதே நேரத்தில், இங்கே இந்த மரத்தடியில் அவரும் செய்யவேண்டும். அதற்கு ஷ்தாதோல் வேண்டும். ஷ்தாதோல் என்றால் தேன்மெழுகால் ஆன பெரிய திரி, ஊருக்குப் பொதுவானது. ஒரே வீட்டு மெழுகால் அதைச் செய்யக்கூடாது. ஒவ்வொரு வீடும் தன் பங்கைத் தந்து, எல்லாம் ஒன்றாய் உருகினால்தான் அது ஷ்தாதோல்.

"ஊரில் எங்கள் கூட்டத்துக்கு ஏழு வீடு. ஆகவே எனக்கு ஏழு வேண்டும். அண்ணன் வீட்டு மெழுகு தபாலில் வந்தது. என்னுடையது ஒன்று. மொழி வகுப்புத் தோழிகள் இருவர் தந்தார்கள். முதலாம் மாடிப் போலந்துத் தாதி தந்தாள். கீழ்வீட்டுப் பெரியவர் தேனீ வளர்க்கிறார், அவர் தந்தார். ஆறு. ஏழாவது உங்கள் வீட்டினுடையதாக இருக்க வேண்டும். இந்தக் கட்டடத்தில் செருப்பைக் கழற்றியவர் உன் அம்மா ஒருவர்தான்."

மாமியார்கூட, கிறிஸ்து பிறப்பு நாளான நத்தார் ஆராதனைக்குக் கொண்டுபோகும் தம் மெழுகுதிரியை நீட்டினாராம். இவர் வாங்கவில்லை. "தேவாலயத்து மெழுகு மட்டும் கூடாது," என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து மாமியார் அவரோடு பேசுவதில்லை. இன்னொரு தடவை மரத்தைக் கும்பிட்டால் மகள் வீட்டுக்குப் போய்விடுவதாக மகனிடம் சொல்லியிருக்கிறார். நடுவில் அகப்பட்ட கணவர் ஒரு முடிவு செய்தார்: ஒரே ஒரு முறை முறையாகச் செய்துகொள், சண்டையில்லாமல் முடிந்தால் அடுத்த ஆண்டையும் பார்க்கலாம், சண்டை வந்தால் இனி அந்த மரத்தடிக்குப் போகக்கூடாது.

அம்மா உள்ளபடியே வருந்தினார். "எங்கட வீட்டில எண்ணெய்தானே எரிக்கிறம். மெழுகு இல்லை, தரேலாமக் கிடக்கு, குறை நினைக்க வேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை."

எர்சியாக்கா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் 'இல்லை' என்ற சொல்லை ஜேர்மனில் எடுக்க எனக்கு நா எழவில்லை.

"தருகிறோம் என்கிறார் அம்மா," என்றேன்.

அவர் எழுந்து அம்மாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். இல்லையென்று சொன்னதற்கே இவ்வளவு அன்பா என்று அம்மா நெகிழ்ந்து, சுவாமி அறைக்குள் போய் ஒரு கற்பூரப் பெட்டியை எடுத்து வந்து கொடுத்தார். இரவுச் சோற்றின்போது மாமாவுக்குக் கதை வந்து சேர்ந்தது.

"கற்பூரமோ குடுத்தனீங்கள்? அதை அந்தத் திரிக்குள்ள போட்டு உருக்கினாவோ, மரம், வீடு, ஹவுஸ்மைஸ்டர் எல்லாம் சேர்ந்து கைலாசம் போகும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு மெழுகுக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஆண்டு வசந்தத்தில்தான் மாமாவின் அன்ட்ராக் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. அதற்காக அம்மா மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார். சைவர் மாதாவுக்கு நேர்வதா என்று கேட்பவர் எங்கள் ஊரறியாதவர். ஊரில் மடு மாதாவிடம் போனவர்கள், இங்கே ஆவணி பிறக்கும் காலத்தில், ஜேர்மனியின் மேற்கெல்லைப் பக்கம் இருக்கும் ஒரு மாதா கோவிலுக்குப் பேருந்து பேருந்தாகப் போவார்கள். திருநீறு பூசிய நெற்றிகளும் பட்டுச் சேலைகளுமாய் அந்தச் சின்னஞ்சிறு ஜேர்மன் ஊர் ஒரு நாள் முழுவதும் திகைத்து நிற்கும்.

"என்ர உயரத்துக்குத் திரி எண்டோ நேர்ந்தனீங்கள்?" என்றார் மாமா பேருந்தில். "அதைத் தூக்கிறதுக்கு ஊரிலயிருந்து இன்னொரு ஆளை எடுப்பிக்க வேணும். அவனுக்கும் ஒரு அன்ட்ராக் போடோணும்."

"வாயை மூடு. மாதா கேட்டுக்கொண்டிருக்கிறா."

அம்மா முழங்கை நீளத்தில் ஒரு திரி வாங்கினார். விற்ற கன்னியாஸ்திரியிடம், இது தேனீயின் மெழுகா என்று நான் கேட்டேன். "பெரியவை எல்லாம் அதுதான், மகளே," என்றார்.

திரியேற்றும் மண்டபத்தில் இரும்புத் தட்டுகளின்மேல் நூற்றுக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தன. அம்மா தம் திரியை ஏற்றி, கண்மூடி நின்றார். மெழுகு வழிந்து தட்டில் பரவி உறையத் தொடங்கியது. அதைப் பார்த்தபடி நான் என் சமய அறிவையெல்லாம் திரட்டினேன். சிவனுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுப்பது பெரும் பாவம். அது எனக்குத் தெரியும். ஆனால் மாதா சிவன் அல்லள். ஆகவே அந்தச் சட்டம் இங்கே செல்லாது. அடுத்து, திரியைத்தான் கொடுத்தோம், வழிந்ததைக் கொடுக்கவில்லை. மூன்றாவது, இது அம்மாவின் மெழுகு; எங்கள் வீட்டு மெழுகு. இந்த மூன்று நியாயங்களும் கைவர, ஓர் உள்ளங்கையளவுக் கட்டியைப் பெயர்த்து, கைக்குட்டையில் சுற்றிப் பாவாடைப் பையில் போட்டேன். திரும்பும் வழியில் அது உருகிப் பையோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பாவாடையை அம்மாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தது தனிப் பாடு.

மறுநாள் மூன்றாம் மாடிக்குப் போய் நீட்டினேன். எர்சியாக்கா முகர்ந்து பார்த்தார்.

"நல்ல மெழுகு. எங்கிருந்து?"

"எங்கள் முருகன் கோவிலில் இருந்து."

"அங்கே எண்ணெய் விளக்குத்தான் என்று முன்பு ஒருநாள் சொன்னாயே?"

"திருவிழாவுக்கு மட்டும் மெழுகு," என்றேன். இந்தப் பொய் முன்னையதைவிட இலகுவாக வந்தது.

அவர் அதை ஒரு சட்டியில் மற்ற ஆறு மெழுகோடும் இட்டார். கண்முன்னே விளிம்பிழந்து, நிறமிழந்து, எது எவருடையது என்று தெரியாமல் ஒன்றாயிற்று. எனக்கு ஒரே ஆறுதல். இனி அதைக் கண்டுபிடிக்க எவராலும் முடியாதல்லவா?

கடைசி ஞாயிறு வந்தது. வெயிலும் காற்றும் மாறி மாறி வந்த காலை. மரத்தடியில் பூவேலைத் துணி. அதன்மேல் ரொட்டி, உப்பு, முட்டை, தேன் கலந்த பானம். அம்மா ஒரு பானைப் பொங்கல், எங்கள் பேச்சில் புக்கை, செய்து கொண்டுவந்திருந்தார். வெறுங்கையோடு எப்படிப் போவது? எர்சியாக்கா வெள்ளை அங்கி உடுத்து, இடுப்பில் மணிகளும் சங்கிலிகளும் கோர்த்த பட்டி கட்டியிருந்தார். நடந்தால் கலீரென்றது. மாமா என் காதில், "காவடிக்கு வெளிக்கிட்ட மாதிரிக் கிடக்கு," என்றார். தேனீப் பெரியவர் கழுத்துப் பட்டி கட்டி வந்திருந்தார். போலந்துத் தாதியும் வகுப்புத் தோழிகளும் நின்றார்கள். கணவர் சற்றுத் தள்ளி, காற்சட்டைப் பைகளில் கைவிட்டு, அடிக்கொரு தரம் மேலே பார்த்தபடி இருந்தார். மேலே, மூன்றாம் மாடிப் பல்கனியில், அவருடைய தாயார் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஒரு சடங்கு உண்டென்று எனக்கு எவரும் சொல்லவில்லை. திரியை ஏற்றுமுன், மெழுகு தந்த ஒவ்வொரு வீட்டாரும் அதைத் தொட்டு, தம் வீட்டையும் மெழுகு வந்த வழியையும் கடவுளுக்குச் சொல்லவேண்டும்.

"என் தோட்டத்துக் கூடு. இந்த வருஷத்து மெழுகு," என்றார் தேனீப் பெரியவர். தாதி தன் தாயின் வீட்டிலிருந்து வந்ததைச் சொன்னாள். தோழிகள் சொன்னார்கள். பிறகு எர்சியாக்கா திரியை அம்மாவிடம் நீட்டினார்.

"என்னவாம்?" என்றார் அம்மா என்னிடம். "எல்லாரும் தொட்டு என்ன சொல்லினம்? நாங்கள் ஒண்டும் குடுக்கேல்லையே?"

எல்லாக் கண்களும் என்மேல். மாமா ஜேர்மன் அறிந்தவர். இனி இரு பக்கமும் வேறு வேறு சொல்லித் தப்ப வழியில்லை. தமிழில், தரையைப் பார்த்து, எல்லாவற்றையும் சொன்னேன். தருகிறோம் என்று சொன்னதை, மாதா கோவில் தட்டை, பாவாடைப் பையை.

"எடி, நான் இல்லை எண்டெல்லோ சொன்னனான்?"

"ஓம்."

"மாதாவுக்கு வைச்சதையோ?"

"ஓம்."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா தம் நாற்பது சொற்களில் சிலவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். எர்சியாக்காவின் முகத்தை நேரே பார்த்து, அவற்றைச் சொன்னார்: "நான் கொடுக்கவில்லை. பிள்ளை எடுத்தது. தேவாலயம். மரியா."

கடைசிச் சொல்லைக் கேட்டு மேலே பாட்டுப் புத்தகம் மூடப்பட்டது. கணவர் பைகளிலிருந்து கைகளை எடுத்தார்.

"முடிஞ்சுது," என்றார் மாமா மெல்ல.

எர்சியாக்கா திரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எந்தப் பக்கத்தில் அது இருக்கிறதென்று தேடுபவர் போல. "பிரிக்க முடியாது," என்றார். தேனீப் பெரியவர் தொண்டையைச் செருமி, "என் தேனீக்கள் தேன் எடுப்பதே பாதிரியாரின் தோட்டத்தில்தான், அம்மணி. அப்படிப் பார்த்தால் என் மெழுகும் சரிவராது," என்றார். எவரும் சிரிக்கவில்லை.

பிறகு எர்சியாக்கா அம்மாவைப் பார்த்துப் பேசினார். நான் மொழிபெயர்த்தேன்.

"எங்கள் ஊர்க் கதை ஒன்று. வெகு காலத்துக்கு முன் சிப்பாய்கள் வந்து ஊராரை ஆற்றுக்குள் இறக்கினார்கள். பாதிரியார் கரையில் நின்று ஞானஸ்நானப் பெயர் வைத்தார். குளிர்காலம். கும்பிட்ட தோப்பை வெட்டி, அந்த மரத்திலேயே தேவாலயம் கட்டினார்கள். மரியாவோடு எனக்குக் கோபமில்லை. அவர்கள் எங்களைக் கேட்கவில்லை."

அம்மா என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரியை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அப்ப நான் இப்ப கேக்கிறன் எண்டு சொல்லு. ஒரு சொல்லும் மாத்தாமச் சொல்லு, கேட்டியோ? இது மாதாவுக்கு நான் ஏத்தின திரியின்ர மெழுகு. இது உங்கட திரிக்குள்ள இருக்கலாமோ? வேண்டாமெண்டால் வேண்டாம், குறையொண்டும் இல்லை. இதை வைச்சிட்டு, நான் வீடு வீடாப் போய்ப் புது மெழுகு கேட்டு வாங்கித் தாறன். நாளைக்கே வெளிக்கிடுறன்."

மாற்றாமல் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் எனக்கு அழுகை வந்துவிட்டது.

எர்சியாக்கா கேட்டார்: "மரியாவிடம் எதற்காகத் திரி வைத்தார்?"

"தம்பிக்கு இந்த நாட்டில இருக்க இடம் கிடைச்சதுக்கு," என்றார் அம்மா.

எர்சியாக்கா மாமாவைப் பார்த்தார். மாமாவுக்கு அன்று ஒரு பகிடியும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"இருக்கலாம்," என்றார் எர்சியாக்கா.

ஒரே சொல். சொன்னவருடைய கண்கள் நிறைந்து வழிந்தன. அவர் திரியை மறுபடி நீட்ட, அம்மா அதைத் தொட்டு வாங்கி, இரு கைகளாலும் ஏந்தி அவரிடமே கொடுத்தார். அவர் இரு கைகளாலும் வாங்கினார்.

திரி ஏற்றப்பட்டது. அண்ணனுடைய கடிதத்தைப் பிரித்து, எர்சியாக்கா அன்னையரை ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார். இரண்டாம் அன்னைக்கு வரும்போது காற்று எழுந்தது. சுடர் படுத்து, நீலமாகி, நூல் மட்டும் சிவந்து நின்றது. நாங்கள் திகைத்து நிற்க, மேலேயிருந்து ஒரு குரல் இடிபோல் இறங்கியது:

"மரம் மாதிரி நிற்கிறீர்களே! சுற்றி நின்று மறையுங்கள்! காற்று ஆற்றுப் பக்கமிருந்து வருகிறது, தெரியவில்லையா?"

மாமியார் பல்கனிக் கம்பியில் பாதி உடம்பை வெளியே நீட்டி நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் நெருங்கினோம். தேனீப் பெரியவர் தம் மேலங்கியை விரித்துப் பிடித்தார். கணவரே ஆற்றுப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். சுடர் நிமிர்ந்தது. கடிதம் முடியும்வரை அது அணையவில்லை. பிறகு ரொட்டியும் புக்கையும் எல்லாருக்கும் பகிரப்பட்டன. ஒரு தட்டு மூன்றாம் மாடிக்கும் போயிற்று, வெறுமையாகத் திரும்பி வந்தது. மாமியார் மகள் வீட்டுக்குப் போகவில்லை. அன்று மாலை மருமகள் அவரிடம் போய், அந்த நத்தார் திரியிலிருந்து ஒரு துண்டு தருவீர்களா என்று தானே கேட்டதாகப் பின்னர் அம்மா அறிந்தார். அடுத்த ஆண்டு ஷ்தாதோலில் எட்டு வீட்டு மெழுகு இருந்தது.

எனக்குத் தண்டனை இருந்தது. ஒரு மாதம் மாலையில் விளையாட்டில்லை. நாள்தோறும் சுவாமி அறையில் ஒரு பதிகம் முழுதாகப் பாடவேண்டும். பாடினேன். மாதாவிடம் திருடிய பாவத்துக்காக என்று எண்ணி, ஒவ்வொரு பதிகத்தின் முடிவிலும் சிவனிடம் என் சார்பில் மாதாவோடு பேசும்படி வேண்டிக்கொண்டேன். என் குற்றம் திருட்டு என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். எர்சியாக்கா அழுதது, தன் திரி கெட்டுப்போன வருத்தத்தால் என்றும் நம்பியிருந்தேன். அவரைக் கேளாமல் அவருடைய திரிக்குள் அதை இட்டதே குற்றம் என்று பின்னர்தான் விளங்கியது.

அம்மா கேட்டாரே, அதற்கு 'கூடாது' என்று சொல்லவும் அவருக்கு இடமிருந்தது. ஆற்றுக்குள் இறக்கப்பட்ட அவருடைய முன்னோரில் ஒருவருக்கும் 'கூடாது' என்று சொல்ல வாய்த்ததில்லை. ஆகவே 'இருக்கலாம்' என்று சொல்லவும் வாய்த்ததில்லை. அத்தனை தலைமுறைக்குப் பிறகு அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தாம் என்பது, அருகே நின்று அந்தச் சொல்லைத் தமிழாக்கிய எனக்கு அன்று தெரியவில்லை.

இதைப் படித்தோரும், படிக்கக் கேட்டோரும், தாம் வணங்குவதைத் தம் மனம்போல் வணங்கி, மற்றவர் வணங்குவதற்கு வழிவிட்டு, நோயின்றிக் குறைவின்றி நீடு வாழ்க. அவர்தம் வாசல்களில் கேட்டு நுழையும் அன்பே நுழைக. எல்லாம் வல்ல இறைவன் எல்லாரையும் காக்க.